இருமல் இருந்த சுருதி

சிப்பித்துறையில் இஞ்ஞாசி என்றொருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார், இப்போதும் வாசிக்கிறார், ஆனால் இது அவர் ஊர்க்காரர்களின் சத்தங்களை எடுத்து வைத்திருந்த காலத்தைப் பற்றியது. அந்தக் காலத்தில் எங்கள் அந்தோணியார் தெரு, மனிதர்கள் குடியிருக்கிற தெருதானா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தது, நாங்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டோம்.

இஞ்ஞாசிக்கு வாத்தியார் என்று யாரும் கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் வந்து, யார்ட்ட படிச்சீக என்று கேட்டால், ஊர்ல உள்ள எல்லார்ட்டயுந்தான் என்பார். கேட்டவர்கள் அதைப் பணிவென்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அது நிஜம். தடித்த கம்பியைக் கட்டைவிரலால் விடாமல் தட்டிக்கொண்டே மற்ற விரல்களில் பாட்டை வாசிக்கிற வித்தையை அவர் எதிர்வீட்டுச் சந்தியாகு ஓட்டிய லாஞ்சின் எஞ்சினிடமிருந்து எடுத்துக்கொண்டார். வாலிபத்தில் அந்த லாஞ்சில் கடலுக்குப் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்துக் கிடந்தபோது, எந்த அலை மோதினாலும் டப் டப் என்று மாறாமல் அடித்துக்கொண்டிருந்த அந்த எஞ்சின் ஒன்றுதான் உலகத்தில் நம்பக்கூடியது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போவதைக் கரையில் மீன் ஏலம் கூறுகிற பவுலம்மாளின் தொண்டையிலிருந்து எடுத்தார். எங்கிருந்தோ மெல்ல வந்து மெல்லப் போகிற மாதிரி வாசிப்பதை, சின்ன வயதில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காற்றடிக்கிற பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து வந்த ரேடியோப் பாட்டுகளிலிருந்து எடுத்தார். இப்படி எடுத்ததனால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை, எஞ்சினும் பவுலம்மாளும் ரேடியோவும் தங்கள் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தார். முப்பது வருடமாகக் கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று அதே பாட்டுகள், அதே வேன், அதே ஆறின பிரியாணி. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய நாளில் வேனின் கதவு அவருடைய இடதுகை மோதிர விரலில் சாத்திக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல் மடங்கவில்லை. மடங்காத விரலை வைத்துக்கொண்டு கம்பிகளை அழுத்திப் பிடிக்க முடியாது, அழுத்திப் பிடிக்காமல் கல்யாணப் பாட்டு வராது. ஆகவே குழுவில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இஞ்ஞாசிக்கு அதில் வருத்தமா நிம்மதியா என்று அவருடைய மனைவி விட்டோரிக்குக்கூடத் தெரியவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, அப்பாடா என்று சொன்னார், அவ்வளவுதான்.

ஆனால் கை சும்மா இருக்குமா. விரல் மடங்காவிட்டால் என்ன, கம்பி மடங்கட்டும் என்று அவர் எல்லாரும் வைக்கிற சுருதியை விட்டுவிட்டு, கம்பியை முறுக்குகிற கீயைத் திருகித் திருகி ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி, எதையும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சாகத் தடவினாலே ஒரு முழு நாதம் எழும்புகிற மாதிரி வைத்துக்கொண்டார். லாஞ்சிலிருந்து வெட்டிப்போட்ட எவர்சில்வர் குழாய்த் துண்டு ஒன்றை அந்த மடங்காத விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கவிட்டார். தளர்ந்த கம்பி அதிர்கிறபோது கிட்டாரின் மரமே பெருமூச்சு விடுகிற மாதிரி இருந்தது, அது அவருடைய மனசுக்கு ஒத்துப்போனது.

ஒரு மத்தியானம் அவர் அப்படி உட்கார்ந்து பக்கத்து ஐஸ் பாக்டரியின் அரவை மெஷின் சத்தத்தை வாசித்துப் பார்த்தார். வேறு எதை வாசித்தாலும் அந்தக் கடகடப்பு வந்து மேலே விழுந்ததால், அதையே வாசிப்போம் என்று தொடங்கினார். மூன்றாவது கம்பியை இன்னும் ஒரு முடியளவு இறக்கியபோது சத்தம் அச்சாகப் பொருந்தியது. பொருந்தின உடனே மெஷின் வாயை மூடிக்கொண்டது. ஐஸ் கட்டிகள் உள்ளே போய்த் தூளாகி வெளியே வந்துகொண்டுதான் இருந்தன, பெல்ட் சுழன்றுகொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை, அது கிட்டாருக்குள் போயிருந்தது. வேலைக்காரர்கள் கொஞ்ச நேரம் காதைக் குடைந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். முதலாளி கஸ்பார் வந்து, மெஷினில் கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்து, நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் போன் பேசினார்.

மறுநாள் இஞ்ஞாசி அதே சுருதியைத் திரும்ப வைத்துக் கம்பிகளைத் தடவியதும் சத்தம் துள்ளி வெளியே ஓடி மெஷினுக்குள் புகுந்துகொண்டது, கஸ்பார் அங்கிருந்து கத்தினார். வேறு வழியில்லாமல் இஞ்ஞாசி அதைத் திரும்பவும் பிடித்து வைத்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு சத்தத்தை எடுத்தால் அதற்கென்று வைத்த சுருதியை அதற்கே கொடுத்துவிட வேண்டும், அந்தச் சுருதிக்குத் தான் இனிப் போகக் கூடாது. நல்லபடியாக இருந்த முதல் சுருதி அப்படித்தான் அவர் கையைவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு தெரு வந்தது. ஆச்சரியப்பட்டு வரவில்லை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எப்படி வருவோமோ அப்படி வந்தோம். தையல்காரர் பிச்சையா தன் மெஷினின் கிறீச்சைக் கொடுத்தார். மெர்சியென்ற பெண் வயிற்றுவலியில் விடாமல் கத்துகிற கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த அழுகையைக் கொடுத்தாள். பிள்ளை அதன்பிறகு வாயைத் திறந்து முகம் சிவக்கச் சத்தமில்லாமல் அழுதது, அவள் அடுப்படியில் நின்றாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அவளுக்குக் கழுத்துவலி வந்தது. ஒருவன் தன் மாமியாரின் ஜெபமாலை முணுமுணுப்பை அவளிடம் கேட்காமலே கொடுத்துவிட்டான். பங்குச் சாமியாரே ஒருநாள் வெயிலில் குடை பிடித்து வந்து, பூசை நேரத்தில் மேற்கூரைத் தகரம் படபடக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

முடியாதென்று சொல்ல இஞ்ஞாசிக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் மேடையில், துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிற பாட்டையெல்லாம் வாசித்தே பழகியவர். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புதுச் சுருதி தேட வேண்டியிருந்தது, ஒவ்வொன்றாக நல்ல சுருதிகளெல்லாம் தீர்ந்துகொண்டு வந்தன. கடைசியில் அவருக்கு வாசிக்க மிஞ்சியவை ஒன்றோடொன்று ஒட்டாத, பல் கூசுகிற சுருதிகள்தான்.

"உங்களுக்குன்னு ஒண்ணு ஒதுக்கி வைங்க" என்றாள் விட்டோரி.

"வச்சிருந்தேன். நேத்து தபால்காரர் வந்து சைக்கிள் செயின் சத்தத்தக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

"மாட்டேன்னு சொல்ல வேண்டியதான?"

"அவரும் அசந்துபோயித்தான வாராரு" என்றார் இஞ்ஞாசி.

இப்படி அவர் அசந்துபோய் இருந்த ஒரு மாலையில்தான் எதிர்வீட்டுப் பிலோமி வந்தாள். அவள் புருஷன் சந்தியாகு, அந்த லாஞ்சு ஓட்டிய சந்தியாகு, அப்போது படுக்கையோடு கிடந்தார். முப்பத்தைந்து வருடம் டீசல் புகையைக் குடித்த நெஞ்சு. அவருடைய இருமல் கீழேயிருந்து எதையோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தொடங்கி, பாதியில் கயிறு அறுந்து, திரும்பவும் தொடங்கும். பிலோமி தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவள் நடக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தாள், பேசும்போது பாதியில் சொல்லை மறந்தாள்.

"தம்பி, அவுக இருமல எடுத்துக்கிட முடியுமா?" என்றாள். "அவுகட்டக் கேட்டுட்டேன். எடுத்துக்கிடச் சொல்லுன்னுட்டாக. நீ தூங்குடின்னாக."

இஞ்ஞாசி தெருவைக் கடந்து போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். சந்தியாகு அவரைப் பார்த்துச் சிரித்து, "வாந்தி வருதாலே?" என்று பழைய கேலியைக் கேட்டு, உடனே இருமினார். அன்றைக்குக் காலையிலிருந்து பலருடைய சத்தத்தை எடுத்திருந்த இஞ்ஞாசி, கண் சொருக, கீயைத் திருகினார். எந்தக் கம்பியை எவ்வளவு இறக்கினார், எதை ஏற்றினார் என்று கவனிக்கவில்லை, கை தானாகச் செய்தது. இருமல் கிட்டாருக்குள் போயிற்று. சந்தியாகு தோள் குலுங்கச் சத்தமில்லாமல் இருமினார். பிலோமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டில் காலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அவள் தேறினாள். முகத்தில் ரத்தம் வந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்று முடி காயவைக்கிறவளைப் பார்த்து, இஞ்ஞாசி செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து அவள் படுத்திருந்த நேரத்தில், சந்தியாகு இருமி, இருமி, மூச்சு திரும்பாமல் இறந்துபோனார். அவருடைய கை கீழே அவளை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டவில்லை. அவள் நாலு மணிக்கு எழுந்து, அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. இஞ்ஞாசியையும் சொல்லவில்லை. எல்லாரும் ஏதாவது கொடுத்திருந்தோம், சொல்வதற்கு யாருக்கும் வாய் இல்லை. அடக்கத்தில் அவள் அழவில்லை. ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு இஞ்ஞாசி வீட்டுக்கு வந்து நின்றாள்.

"தம்பி, எனக்கு அது வேணும்."

"எது மயினி?"

"அந்த இருமல். நான் கேட்டிருக்க வேண்டியது. அத நான் காதால கேக்காம விட்டுட்டேன்."

இஞ்ஞாசி கிட்டாரை எடுத்தார், கீயில் கை வைத்தார், வைத்தபடியே இருந்தார். மற்ற எல்லாச் சுருதியும் அவருடைய விரலுக்குத் தெரியும், எது எங்கே கிடக்கிறதென்று இருட்டில்கூட எடுப்பார். அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை.

"மயினி, எனக்கு மறந்துபோச்சு" என்றார். "அது எதுக்கு அடியில கெடக்கோ, எல்லாத்தையும் தொறந்து பாத்தாத்தான் அகப்படும். ஒவ்வொண்ணாத் தொறந்தா ஒவ்வொண்ணும் அதது வீட்டுக்குப் போயிரும்."

"போகட்டும்" என்றாள் பிலோமி.

சேதி தெருவுக்குள் போவதற்கு முன்னால் கஸ்பார் வந்துவிட்டார், அவர் பின்னால் நாங்கள் எல்லாரும் வந்தோம், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தோம். கஸ்பார் நல்ல மனுஷன், தன் மெஷினைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகள் படிக்கிறதைப் பற்றியும், நோயாளிகளைப் பற்றியும், தெருவுக்கு வந்திருக்கிற நல்ல பேரைப் பற்றியும் பேசினார். "செத்தவருக்கு இருமல் எதுக்கு இஞ்ஞாசி? இருக்கவன் காதப் பாக்க வேண்டாமா?"

இஞ்ஞாசி எங்களைப் பார்த்த பார்வை, நீளமான ஒரு கச்சேரியின் முடிவில் இன்னும் ஒரு பாட்டு கேட்கிறவர்களைப் பார்க்கிற பார்வையாக இருந்தது. பிலோமிதான் பேசினாள், அதுவும் கஸ்பாரைப் பார்த்தல்ல, சுவரைப் பார்த்து.

"அண்ணாச்சி, நானும் ஒங்களமாதிரித்தான் குடுத்தேன். எனக்குத் தூக்கம் வரணும்னு குடுத்தேன். வந்துச்சு. நல்லாவே வந்துச்சு."

மெர்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துவிட்டு, "மொதல்ல எங்களதத் தொறங்க அண்ணே" என்றாள். கஸ்பார் ஏதோ சொல்ல வந்தார், பவுலம்மாள் ஏலம் கூறுகிற குரலில், "போதும் வேய், போய் காதுல பஞ்ச வையும்" என்றாள். அதோடு கூட்டம் கலைந்தது. நாங்கள் அவரவர் வீட்டுக்குப் போய், வரப்போகிற விருந்தாளிக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

பல மத்தியானங்கள் அவர் தேடினார். பிலோமி அவருக்கெதிரே முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். விட்டோரி கறுப்புக் காப்பி போட்டுக்கொடுப்பாள். அவர் ஒரு கீயைத் திருகி, குழாய்த் துண்டை வழுக்கவிட்டு, ஆறு கம்பியையும் தடவுவார். அழுகை பறந்து போய்ப் பிள்ளையின் வாயில் விழுந்தது, மெர்சி அந்த வீறலைக் கேட்டு ஓவென்று அழுது பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். ஜெபமாலை முணுமுணுப்பு விட்ட இடத்திலிருந்து, அருள்நிறை மரியே என்று தொடர்ந்தது. சைக்கிள் செயின் எங்கேயோ உப்பளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்த தபால்காரரைத் தேடிப் போயிற்று. தகரம் படபடத்தது, தையல் மெஷின் கிறீச்சிட்டது, அரவை மெஷின் கடைசியில் ஒரு லாரி கவிழ்ந்த மாதிரி தெருவுக்குள் வந்து விழுந்தது. ஒவ்வொரு சத்தம் போகும்போதும் ஒரு சுருதி அவருக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவருக்குச் சக்தி இல்லை. விரல்நுனிகள் வெடித்திருந்தன. "இன்னைக்குப் போதும் தம்பி" என்று பிலோமி சொல்வாள். "இன்னும் ஒண்ணு மயினி" என்பார்.

எல்லாம் போன பிறகும் அது கிடைக்கவில்லை. இஞ்ஞாசி கிட்டாரை மடியில் கிடத்திவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அவுக அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னாக, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"வாந்தி வருதான்னு கேட்டாக."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. அவர் சுருதியைத் தேடுவதை விட்டுவிட்டார். தடித்த கம்பியைக் கட்டைவிரலால் டப் டப் என்று தட்டத் தொடங்கினார், லாஞ்சு ஓடுகிற மாதிரி, வேறெதுவும் வாசிக்காமல், வெகுநேரம். தட்டத் தட்டக் கம்பி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இளகி இறங்கியது. இறங்கி ஓரிடத்தில் நின்றது. கீழேயிருந்து எதையோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருமல் புறப்பட்டு வந்தது.

பிலோமி எழுந்து நின்றுவிட்டாள். இருமல் அறையைச் சுற்றிப் பார்த்தது, போக வேண்டிய நெஞ்சைத் தேடியது, பிறகு வாசல்வழியாக இறங்கித் தெருவைக் கடந்து அவளுடைய வீட்டுக்குள் போயிற்று. அவள் பின்னாலேயே ஓடினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆளில்லாத கட்டிலிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிலோமி ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். வெந்நீர் வைத்தாள், தலையணையை உயர்த்திப் போட்டாள், நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில் தைலம் தேய்க்கிற மாதிரி போர்வையைத் தடவிக்கொடுத்தாள். "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று அவள் சொல்வது தெருவரைக்கும் கேட்கும். திரும்பவும் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நாங்கள் முறைவைத்து அவளுக்குச் சோறு கொண்டுபோனோம், போகும்போது கட்டிலைப் பார்த்து, எப்படியிருக்கு அண்ணே என்று கேட்டோம். கேட்காமல் வருவது மரியாதையாக இருக்காது. இஞ்ஞாசி தினமும் போய்க் கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். இந்த வேதனையையும் தானே கொண்டுவந்து வைத்துவிட்டதாக அவர் விட்டோரியிடம் சொன்னார்.

ஆனால் எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று நடந்தது. உடம்பில்லாத இருமலுக்கு நோய் எங்கிருந்து வரும். புகை குடித்த நெஞ்சு கல்லறையில் இருந்தது, இருமல் மட்டும் கவனிப்பில் இருந்தது. வாரங்கள் போகப் போகக் கயிறு அறுகிற இடம் மறைந்தது. இழுப்பு குறைந்தது. ஒருநாள் காலையில் பிலோமி வாசலுக்கு வந்து, எதிரே பல் விளக்கிக்கொண்டிருந்த விட்டோரியிடம், "ராத்திரி ரெண்டே தடவதான்" என்றாள். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பிறகு ஒரு தடவையானது. பிறகு தொண்டையைச் செருமுகிற அளவுக்கு வந்தது, சாப்பிட உட்காருகிறவர் செருமுவாரே, அந்த மாதிரி.

பிறகு ஒருநாள் பிலோமி இஞ்ஞாசியின் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, நேத்து முழுக்க இல்ல. இன்னைக்கும் இல்ல." அவள் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். "அவுகளுக்குச் சொகமாயிட்டு."

இஞ்ஞாசி எழுந்து நின்றார். "நல்லது மயினி" என்றார்.

அவள் அப்போதுதான் அழுதாள், சந்தியாகு இறந்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம். விட்டோரி அவளைப் பிடித்துக்கொண்டாள். அழுகை ஓய்ந்ததும் அவள் தன் வீட்டுக்குப் போய், கட்டிலில் இருந்த போர்வையை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை.

சொகமானவரைப் பார்க்கப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு தெருவில் நுழைந்த எங்களை இஞ்ஞாசி முனையிலேயே மறித்து நின்று, உதட்டில் விரல் வைத்தார். "மயினி தூங்குதாக" என்றார். முதலில் யார் செருப்பைக் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. பவுலம்மாள் என்று சிலர் சொல்கிறார்கள். அன்று முழுக்கவும் அடுத்த நாளும் தெருவுக்குள் வந்தவர்கள் எல்லாரும் முனையில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள், தண்ணீர்க் குடங்களைத் தரையில் வைக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து வைத்தார்கள், பிள்ளைகளை இடுப்பிலேற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அங்கே அழவிட்டார்கள், கஸ்பார் தன் மெஷினை நிறுத்திப்போட்டார், வேலிச்சண்டை ஒன்று பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டது.

பிலோமி எழுந்து வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கி முனைவரைக்கும் நடந்தாள், சுவரைத் தொடாமல் நடந்தாள். அங்கே மலைபோல் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து நின்றாள். கல்லில் உட்கார்ந்து காவல் இருந்த இஞ்ஞாசியைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, எல்லாரும் செருப்ப இங்க விட்டிருக்காக? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மயினி" என்றார் இஞ்ஞாசி. "நீங்க தூங்குனீக."